ஒரு காலுக்கு லீவு

1

திருவொற்றியூரிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதல் கேள்வி "அங்க குளிரா?" என்பதுதான். இரண்டாவது, "இன்னா பண்ணிகினு கீற?" முதல் கேள்விக்கு எட்டு வருடமாக ஒரே பதில். இரண்டாவதற்குப் போன மாதம் நான் சொன்ன பதிலை ஒருவரும் நம்பவில்லை. முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதற்காகவே ஒரு மாதம் விடுப்பு எடுத்திருந்தேன். விடுப்பு கொடுத்த மேலாளர் கைகுலுக்கி வாழ்த்து வேறு சொன்னார்.

நான் ஹம்பர்க் துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் கிரேன்களுக்கு மின்பழுது பார்க்கிறவன். என் மகள் இனியாவுக்குப் பதின்மூன்று மாதம். அவளை இங்கே குழந்தைக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். நம்மூரில் என்றால் முதல் நாள் வாசலில் விட்டு, ஆயா கையில் திணித்து, திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்துவிடுவோம். குழந்தை ஒரு வாரம் கத்தும், அப்புறம் ஓய்ந்துவிடும். இங்கே அது குற்றத்துக்குப் பக்கத்தில் வருகிற காரியம். பழக்கப்படுத்தும் காலம் என்று ஒன்று இருக்கிறது. பெற்றோரில் ஒருவர் முதல் மூன்று நாள் குழந்தையோடு வந்து, அறையின் மூலையில் உட்கார வேண்டும். விளையாட்டுக் காட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது, போனை எடுக்கக் கூடாது. குழந்தை வந்து மடியில் ஏறினால் ஏற்றிக்கொள்ளலாம், இறங்கினால் விட்டுவிட வேண்டும். நாலாம் நாள், குழந்தையின் முகத்தைப் பார்த்து, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் வெளியே போக வேண்டும். அந்த அரை மணி நேரம் எப்படிப் போகிறது என்பதை வைத்து மற்ற நாட்களை முடிவு செய்வார்கள்.

என் மனைவி கலைச்செல்வி தண்டையார்பேட்டைக்காரி, நம்மூரில் நர்ஸாக இருந்தவள். அவளுடைய சான்றிதழ்களை இந்த நாடு திருப்பித் திருப்பிப் பார்த்து, மொழிபெயர்க்கச் சொல்லி, முத்திரை வைக்கச் சொல்லி, முத்திரை வைத்தவர் உண்மையிலேயே முத்திரை வைக்கிறவர்தானா என்று இன்னொரு முத்திரை கேட்டு, ஒருவழியாக ஒப்புக்கொண்டது. ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. ஒன்றாம் தேதி சேர வேண்டும். அதற்குள் இனியா காப்பகத்தில் பழகியாக வேண்டும், இல்லையென்றால் அந்த வேலை அடுத்தவருக்கு.

"உன்ன நம்பித்தான் கீது. சொதப்பிடாத" என்றாள் கலைச்செல்வி.

சும்மா உட்கார்வதில் சொதப்புவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

2

காப்பகத்தில் முதலில் கொடுத்தது ஒரு படிவம். அம்மை ஊசி, ஒவ்வாமை, தூங்கும் நேரம் எல்லாம் முடிந்து நாலாவது பக்கத்தில் ஒரு கேள்வி: குழந்தை யாரிடம் ஒட்டுதலாக இருக்கிறது? எழுத இரண்டே வரிதான் விட்டிருந்தார்கள்.

இரண்டு வரி என்னத்துக்குப் போதும்? போன குளிர்காலத்தில் கலைச்செல்வியும் இனியாவும் இரண்டு மாதம் திருவொற்றியூரில் இருந்தார்கள். தேரடிக்குப் பின்னால் எங்கள் சந்தில் ஆறு குடித்தனம், ஒரே வரிசை, ஒரு குழாய். காலையில் எழுந்ததும் இனியாவை இறால் கம்பெனிக்குப் போகிற அக்கா தூக்குவாள். அவள் ஷிப்டுக்குக் கிளம்பும்போது மூணாவது வீட்டு மெக்கானிக்கின் இடுப்புக்குக் கைமாறும். கிரீஸ் கையோடு அவர் பைக்கின் பெட்ரோல் டேங்கில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு அடித்துவிட்டு, டீக்கடையில் விடுவார். மத்தியானம் பிள்ளை எங்கே என்று கேட்டால் கலைச்செல்வி, "எங்கியோ கீது, பசிச்சா வரும்" என்பாள். அங்கே பிறந்து வளர்ந்த எனக்கு இது சாதாரண விஷயம்.

காப்பகத்தில் இனியாவின் பொறுப்பாளர் ஹைக்கே. ஐம்பது வயது இருக்கும், குரலை உயர்த்தவே மாட்டார், எதையும் குறித்துக்கொள்ளாமல் விடவும் மாட்டார். இரண்டு வரியில் இடமில்லாததால் அவரிடம் வாயால் விளக்கினேன். என் மகள் பலரிடம் பழகியவள் என்று சொல்ல நினைத்தேன். ஜெர்மனில் வாயிலிருந்து வந்தது, என் மகள் பலருக்குச் சொந்தமானவள்.

ஹைக்கேயின் பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சிரித்தேன். சிரித்தது இன்னும் தப்பாகப் போயிற்று. அதைச் சரிசெய்ய எனக்குக் கால் மணி நேரமும், என் பத்து வயது மகன் கவினோடு ஒரு போன் பேச்சும் தேவைப்பட்டது. அவன் எதிர்முனையில் பெருமூச்சு விட்டுவிட்டு ஹைக்கேயிடம் இரண்டு வாக்கியம் பேசினான். அவர் முகம் தெளிந்தது. என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டதற்கு, "ஊர்ல அவளத் தூக்கிக்கப் பத்துப் பேர் இருந்தாங்கன்னு சொன்னேன். அப்பா நல்லவர்தான், இலக்கணம்தான் பிரச்சினைன்னும் சொன்னேன்" என்றான்.

3

முதல் மூன்று நாளும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. காப்பகத்தில் ஷூவை வாசலில் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். கழற்ற மனமில்லாதவர்கள் மாட்டிக்கொள்ள ஒரு டப்பாவில் நீல பிளாஸ்டிக் உறைகள். நான் காலுறையோடு மூலை நாற்காலியில் போய் ஒடுங்கினேன். வலது கால் கட்டைவிரல் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது.

மற்ற குழந்தைகள் தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அறையை வேவு பார்க்க, என் மகள் நேராக ஹைக்கேயின் மடியில் ஏறி அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். பால் சூடாக்கும் பெண்ணிடம் போனாள். குழாய் சரிசெய்ய வந்தவரிடம் கையை நீட்டித் தூக்கச் சொன்னாள், அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத் தூக்கினார். நான் மூலையில் உட்கார்ந்து, எங்க சந்துப் பிள்ளைடா என்று மனத்துக்குள் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"இன்றைக்கே வெளியே போகட்டுமா?" என்று மூன்றாம் நாள் கேட்டேன்.

"அவசரப்படாதீர்கள். எல்லோரிடமும் போகிறாள், சரி. ஆனால் எங்கே போனாலும் ஒரு தடவை திரும்பி உங்களைப் பார்க்கிறாள், கவனித்தீர்களா?" என்றார் ஹைக்கே. "நீங்கள்தான் துறைமுகம். அவள் கப்பல். துறைமுகம் இருந்த இடத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் கப்பல் வெளியே போகிறது."

துறைமுகத்தைப் பற்றி எனக்கே பாடம். நான் பார்த்து வளர்ந்த துறைமுகம் அப்படியெல்லாம் யாரையும் உடனே உள்ளே விட்டதில்லை. என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன், அவரும் என்னை நைனா என்பார். அவர் கண்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டினார். துறைமுக வாசலில் வண்டிகள் வரிசை கட்டும். அந்த லைன் நீண்டு நீண்டு எக்ஸ்பிரஸ் ரோட்டில் எங்கள் வீட்டுப் பக்கம் வரைக்கும் வந்துவிடும். நைனா வேலைக்குப் போய் இரண்டு நாள், மூன்று நாள் ஆகும். ஆனால் இருப்பதென்னவோ வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில். அம்மா தூக்குச்சட்டியோடு என்னையும் தூக்கிக்கொண்டு லைனுக்குப் போவாள். கேபினில் ஏற்றி உட்கார வைப்பார் நைனா. வண்டி பத்தடி நகரும், நிற்கும். அதுதான் எனக்கு ரவுண்டு. பத்தடி போய்விட்டு இறங்கி, ஊர் சுற்றிய களைப்போடு வீட்டுக்கு வருவேன்.

இதையெல்லாம் ஹைக்கேயிடம் சொல்லவில்லை. என் ஜெர்மன் இலக்கணத்துக்கு ட்ரெய்லர் லைனைத் தாங்கும் பலம் இல்லை.

4

நாலாம் நாள் வந்தது. ஹைக்கே கண்ணைக் காட்டினார். இப்போது விடைபெறுங்கள் என்று அர்த்தம்.

இங்கேதான் நான் சொதப்பினேன். என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் இல்லை, படிவத்தின் ஆறாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஆனால் குழந்தையை விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும் என்றதும் என் உடம்பு படிவத்தைக் கேட்கவில்லை. கிளம்புவதற்கு அதற்கு ஒரே வழிதான் தெரியும். எங்கள் சந்தில் ஆறு குடித்தனத்து ஆண்களும் பெண்களும் அப்படித்தான் வேலைக்குப் போனார்கள்.

ஜன்னலுக்கு வெளியே கம்பி வேலியில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. இந்த ஊர்க் காக்கா நம்மூர்க் காக்காவைவிடக் கொஞ்சம் குண்டு. "இனியா, காக்கா பாரு! காக்கா!" என்றேன். அவள் ஜன்னலில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்து "கா" என்றாள். அடுத்த நொடி நான் எழுந்து, பின்வாக்கில் நாலு எட்டு வைத்து, கதவைச் சத்தமில்லாமல் திறந்து, அலமாரியிலிருந்து ஷூ இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு காலுறையோடு வெளியே ஓடினேன். மாட்டினால் சத்தம் வரும் அல்லவா? தெருமுனைக்குப் போய்த்தான் ஷூவை மாட்டினேன். கச்சிதமாக முடித்த திருப்தியில் எதிரே இருந்த பேக்கரியில் ஒரு காப்பிகூடச் சொன்னேன்.

காப்பி வருவதற்குள் போன் வந்தது. "உடனே வாருங்கள்."

காப்பகத்தின் வாசலிலேயே இனியாவின் குரல் கேட்டது. அப்படி ஒரு அழுகையை அவளிடம் அதுவரை நான் கேட்டதில்லை. ஹைக்கே தூக்கினால் முதுகை வில்லாக வளைத்தாள். என்னைப் பார்த்ததும் நிற்கும் என்று நினைத்தேன், இரண்டு மடங்கானது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு என் தோளிலேயே அடித்தாள்.

ஹைக்கே பொறுமையாகக் காத்திருந்துவிட்டுச் சொன்னார். "நீங்கள் அவளிடம் எதையும் சொல்லவில்லை. அவள் பறவையைப் பார்த்தாள், திரும்பினாள், நீங்கள் ஆவியாகிவிட்டீர்கள். அழுதது நீங்கள் போனதற்காக இல்லை. போவீர்கள் என்று தெரியாமல் போனதற்காக."

"எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான்..."

"உங்கள் ஊரில் திரும்பிப் பார்த்தால் தூக்கிக்கொள்ளப் பத்துப் பேர் இருந்தார்கள் என்று உங்கள் மகன் சொன்னான். இங்கே அவளுக்கு நான் நாலு நாள் பழக்கம்."

இனியாவின் மூக்கைத் துடைத்து, அவளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அன்று சாயந்தரம் வீட்டு பால்கனியில் நிஜமாகவே ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. பழக்க தோஷத்தில் "காக்கா" என்றேன். இனியா காக்காவைப் பார்க்கவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தாள்.

5

எல்லாம் முதலிலிருந்து. திங்கட்கிழமை மறுபடியும் நாற்காலி, மறுபடியும் மூன்று நாள். ஒன்றாம் தேதிக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. சாப்பாட்டு மேசையில் கலைச்செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஷூவ கையில தூக்கிகினு ஓடுனியா? அங்க போயுமா?"

"நீ மட்டும் இன்னாவாம்? உங்க வூட்ல..."

"எங்க வூட்ல செஞ்சத இங்க நான் செஞ்சனா?"

கவின் நூடுல்ஸைச் சுற்றிக்கொண்டிருந்தான். முள்கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு வாக்கியம் சொன்னான், ஜெர்மனில். "என்னை விட்டும் நீ அப்படித்தான் போனாய். படகு காட்ட அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தால் நீ இல்லை."

அவன் குரலில் கோபம் இல்லை. யாரோ சொன்ன வேடிக்கைக் கதையைத் திருப்பிச் சொல்கிற மாதிரிதான் இருந்தது. தமிழில் சொல்லியிருந்தால், வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு என்றிருப்பேன். ஜெர்மனில் எனக்கு அதட்டத் தெரியாது.

அவன் சொன்னது உண்மை. நான் முதன்முதலில் இங்கே வரக் கிளம்பிய நாளன்று அவனுக்கு இரண்டு வயது. நைனா அவனைத் தோளில் வைத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் படகு பார்க்கப் போனார். அந்த நேரத்தில் நான் பெட்டிகளோடு ஆட்டோவில் ஏறினேன். அழுகிற பிள்ளையைப் பார்த்துவிட்டு என்னால் ஏற முடியாது என்று எனக்குத் தெரியும். ஆக, ஏமாற்றியது அவனுக்காக அல்ல, எனக்காக. பதினாலு மாதம் கழித்து அவனும் கலைச்செல்வியும் ஹம்பர்க் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். நான் கையை நீட்டினேன். அவன் அம்மாவின் துப்பட்டாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, மிகவும் மரியாதையாக, "வணக்கம் அங்கிள்" என்றான்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். கார் டிக்கியில் பெட்டிகளை அடுக்கும்போது குனிந்தவாக்கில் அழுதேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அவனோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. பள்ளிக்குப் போகிறான், வருகிறான், என் இலக்கணத்தைத் திருத்துகிறான். நான் வேலைக்குக் கிளம்பும்போது தலையைத் தூக்குவதில்லை, வரும்போதும் தூக்குவதில்லை. வளர்ந்துவிட்டான், இந்த ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

6

ஞாயிற்றுக்கிழமை நைனாவை வீடியோவில் பிடித்தேன். வழக்கம்போல் அவர் நெற்றியும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன.

"இன்னா நைனா, மூஞ்சி ஏன் டல்லா கீது?"

"நைனா, நான் சின்னப் பையனா இருந்தப்ப நீ என்னை ஏமாத்திட்டுத்தான வேலைக்குப் போவ?"

"ஏமாத்திட்டா? இன்னாடா சொல்ற?"

"காக்கா காட்டி."

பக்கத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "காக்கா காட்னது நானு. அவருக்கு அந்த சாமர்த்தியம்லாம் ஏது?"

நைனா போனை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தார். இப்போது ஒரு புருவம் மட்டும். "யாரு யார ஏமாத்துனது? கொஞ்ச நாளு காக்கா பாத்த. அப்பால உஷாராயிட்ட. காக்கான்னா என் கால பாப்ப. அதோட வுட்டியா? என் செருப்புல ஒண்ண தூக்கிகினு போயி தண்ணி பேரலு பின்னாடி ஒளிச்சு வெச்சுட்டு, ஒண்ணுந்தெரியாத மாரி குந்திகினு இருப்ப."

ஒளித்து வைத்தது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருந்தது. நீல பிளாஸ்டிக் பேரலின் பின்னால் எப்போதும் ஈரமாக இருக்கும் ஒரு மூலை. "ஆனா நீ தெனம் கண்டுபிடிச்சு எடுத்துட்டுப் போயிடுவியே."

"அடப் போடா. நான் எங்க எடுத்தேன்? செருப்பு அங்கியேதான் கெடக்கும். வண்டில எக்ஸ்ட்ரா ஜோடி ஒண்ணு போட்டு வெச்சிருந்தேன். வூட்லருந்து வண்டி வரைக்கும் ஒத்தச் செருப்போட நொண்டிகினே போவேன். டீக்கட பசங்க கலாய்ப்பானுங்க, 'இன்னா மாமு, ஒரு காலுக்கு லீவா?'ன்னு."

"எடுத்து மாட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதான?"

"ஒரு நாளு எடுத்துட்டேன். நீ போயி பேரலு பின்னாடி பாத்துருக்க. செருப்பு இல்லன்னதும் வுழுந்து பொரண்டு, ஒரே பேஜாரு. உங்கம்மா உன்ன தூக்கிகினு லைனுக்கே வந்துருச்சு. அப்பறம் நான் அத தொடல. அது அங்க கெடந்தா, நைனா வந்துரும்னு உனக்கு ஒரு தெகிரியம். ரெண்டு நாளு ஆனாலும் கேக்க மாட்ட. நான் வந்து வாசல்ல நின்னா, நீயே ஓடிப் போயி எடுத்துகினு வந்து என் கால்ல மாட்டுவ. அப்பாலதான் உள்ள வுடுவ."

நாற்பது வயதில், இன்னொரு நாட்டின் சமையலறையில் நின்றுகொண்டு, என் அப்பா ஒற்றைச் செருப்போடு எக்ஸ்பிரஸ் ரோட்டுத் தாரில் நொண்டிக்கொண்டு போவதை முதல் தடவையாகப் பார்த்தேன். இத்தனை வருடம் நான் தோற்றுப்போனதாகவே நினைத்திருந்தேன்.

"இன்னாடா சத்தத்தையே காணோம்? லைன் கட்டாயிச்சா?" என்றார் நைனா. பின்னால், சமையலறை மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த கவின் நிமிர்ந்து போனைப் பார்த்தான். நான் திரும்பியதும் குனிந்துகொண்டான்.

7

மறுவாரம் மூன்று நாளும் இனியா என் மடியை விட்டு இறங்கவில்லை. எல்லோரிடமும் பாய்ந்தவள், ஹைக்கே புன்னகைத்தாலே என் அக்குளுக்குள் முகத்தைப் புதைத்தாள். ஹைக்கே குறித்துக்கொண்டே இருந்தார். வீட்டில் கலைச்செல்வி தன் புதுச் சீருடையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையில் வைப்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் என் கால்விரல் மட்டும் சுதந்திரமாக இருந்தது.

வியாழக்கிழமை ஹைக்கே கண்ணைக் காட்டினார். இந்தத் தடவை நான் எழுந்து, இனியாவைத் தூக்கிக்கொண்டே வாசல் அலமாரிக்குப் போனேன். அவளைக் கீழே விட்டு, அவள் பார்க்கப் பார்க்க வலது ஷூவை மாட்டினேன். காக்கா கிடையாது, வித்தை கிடையாது. அவள் உதடு பிதுங்கத் தொடங்கியது.

இடது ஷூவுக்குக் கையை நீட்டினால், இல்லை. இனியா அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி அறைக்குள் போய்க்கொண்டிருந்தாள். பொம்மைச் சமையல் மேடையில் ஒரு மர அடுப்பு உண்டு. அதன் கதவைத் திறந்து ஷூவை உள்ளே தள்ளினாள். பாதிதான் போயிற்று, இடித்துத் தள்ளினாள். கதவை மூடி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்று என்னைப் பார்த்தாள்.

சத்தியமாக நான் சொல்லித் தரவில்லை. நைனா போனில் பேசியபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். காலில் ஒன்றும் இல்லாமல் ஒருவன் வெளியே போக முடியாது என்பதை அவளே ஒரு வாரமாக என் காலைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஹைக்கே அடுப்பைத் திறக்கப் போனார். "வேண்டாம், இருக்கட்டும்" என்றேன். இந்தத் தடவை இலக்கணம் சரியாக இருந்தது. வாசல் டப்பாவிலிருந்து ஒரு நீல பிளாஸ்டிக் உறையை எடுத்து இடது காலுறைக்கு மேல் மாட்டினேன். பிறகு இனியாவின் எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "அப்பா போயிட்டு வரேன். ஷூவ பத்திரமா பாத்துக்க. வந்து வாங்கிக்கிறேன்."

அழுதாள். ஆனால் அடுப்பை விட்டு நகரவில்லை.

வெளியே மழை. ஒரு காலில் ஷூ, இன்னொரு காலில் நீலப் பை. பேக்கரிப் பெண் என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், கேட்காமலே காப்பியை வைத்தாள். போன் அடிக்கும் என்று மேசையிலேயே வைத்து அதை முறைத்துக்கொண்டிருந்தேன். கடிகாரத்தில் பெரிய முள் நகர்வேனா என்றது. போன் அடிக்கவே இல்லை.

அரை மணி கழித்துப் போனபோது இனியா ஹைக்கேயின் மடியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பழத்தைப் போட்டுவிட்டு, கொஞ்சமாக அழுதாள், கடமைக்கு. பிறகு தவழ்ந்து போய் அடுப்பைத் திறந்து, ஷூவை இழுத்தெடுத்து, தரையோடு தள்ளிக்கொண்டு வந்து என் காலடியில் போட்டாள். அதன் உள்ளே ஒரு மரக் கேரட்டும் இருந்தது.

"மூன்று தடவை அடுப்பைத் திறந்து பார்த்தாள்" என்றார் ஹைக்கே. "ஷூ இருந்தது. மூடிவிட்டு விளையாடப் போனாள். இப்படி ஒன்று எங்கள் விதிமுறையில் இல்லை." கொஞ்சம் யோசித்தார். "விதிமுறைக்கு எதிராகவும் இல்லை."

அன்று குறிப்பேட்டில் அவர் எழுதியதைப் படமெடுத்துக் கவினிடம் காட்டினேன். அவன் படித்துச் சொன்னான். "தந்தை ஒரு ஷூவை விட்டுச் சென்றார். குழந்தை அதைக் காத்தது." இன்னொரு தடவை தனக்குள் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

8

கலைச்செல்வி ஒன்றாம் தேதி வேலையில் சேர்ந்தாள். இனியா ஒரு வாரம் என் ஷூவையும் அதற்கடுத்த வாரம் என் தொப்பியையும் அடமானம் வாங்கினாள், இப்போது வெறுங்கையோடு விடுகிறாள். ஹைக்கேயின் கண்ணாடிக்கு மறுபடியும் ஆபத்து வந்துவிட்டது.

என் விடுப்பு முடிந்து, போன திங்கட்கிழமை நான் வேலைக்குக் கிளம்பினேன். கலைச்செல்வி இனியாவோடு முன்பே போய்விட்டாள். கவின் மேசையில் கார்ன்ஃபிளேக்ஸ் தின்றுகொண்டிருந்தான், தலையைத் தூக்கவில்லை. வாசலில் குனிந்தால் வலது ஷூ இருக்கிறது, இடதைக் காணோம்.

இனியாவின் வேலை என்று நினைத்து அவளுக்கு எட்டுகிற இடமெல்லாம் தேடினேன். சோபாவின் அடியில், துணிக்கூடையில், அவளுடைய பொம்மைப் பெட்டியில். எங்கும் இல்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று சமையலறைக்குப் போய் நிமிர்ந்தேன். ஃப்ரிட்ஜின் மேலே, பழைய காலண்டருக்குப் பின்னால், ஷூவின் முனை நீட்டிக்கொண்டிருந்தது. இனியா அந்த உயரத்துக்கு வர இன்னும் பத்து வருடம் ஆகும். பத்து வயதுப் பையன் ஒருவனுக்கும் நாற்காலி போட்டால்தான் எட்டும். நாற்காலி அங்கேதான் கிடந்தது.

திரும்பிப் பார்த்தேன். கவினின் ஸ்பூன் நின்றிருந்தது. காது மடல் சிவந்திருந்தது.

நான் அதை எடுக்கவில்லை. வேலைக்கான பூட்ஸ் துறைமுகத்து லாக்கரில் இருக்கிறது, அதுவரை போய்ச் சேர்ந்தால் போதும். குளியலறைச் செருப்பை இடது காலில் மாட்டிக்கொண்டு அவன் எதிரே போய் நின்றேன்.

"கவின், அப்பா போயிட்டு வரேன்."

தலையைத் தூக்கினான். என் முகத்தைப் பார்த்தான், பிறகு காலைப் பார்த்தான். சிரிப்பை அடக்க அவன் பட்ட பாட்டில் பால் மூக்கில் ஏறியது. "ம். சாயந்தரம் வா" என்றான், தமிழில்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரியவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஜெர்மனில் விளக்க எனக்குத் தெரியும், இப்போது இலக்கணம்கூடப் பரவாயில்லை. ஆனாலும் தமிழிலேயே சொன்னேன்.

"ஒரு காலுக்கு லீவு, சார்."